பழி துடைக்காதவன் மேலா, மருந்தை மாற்றியவன் மேலா?

ரைஃபிள் தோட்டாக்களுக்கு மருந்தும் குண்டும் தேர்ந்தெடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு இது எதிர்வினை. அமெரிக்காவில் இருந்துகொண்டு வீட்டிலேயே தோட்டா அடைத்துப் பழகிய ஒருவர், புதிதாக அந்த வேலைக்கு வரும் தமிழர்களுக்கு வழிகாட்டுவதாக அதை எழுதியிருக்கிறார். முன்பாதியில் தவறான ஆலோசனை. பின்பாதியில் அந்த ஆலோசனைக்கு முட்டுக்கொடுக்கத் தவறான வரலாறு. ஆலோசனையை நம்பினால் துப்பாக்கி கெடும், சில வேளை கையும் போகும். வரலாற்றை நம்பினால் செத்தவர்கள் இரண்டாம் முறை அவமானப்படுவார்கள். அதனால் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் வாதத்தை முதலில் அவருக்கு நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். குண்டின் எடை ஒன்று, வேகம் ஒன்று, உச்ச அழுத்தம் பாதுகாப்பான வரம்புக்குள் என்றால், உள்ளே எந்த மருந்து இருக்கிறது என்பது துப்பாக்கிக்குத் தெரியாது. எனவே எரிவேகப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மருந்துகளில் ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதைப் போட்டுக்கொள்ளலாம். எந்தக் கடையில் அரிசி வாங்கினாலும் சோறு சோறுதான் என்று உவமை வேறு. இதற்குச் சான்றாக வியட்நாமை இழுக்கிறார். அங்கே எம்-16 ரைஃபிள் சிக்கிக்கொண்டதற்கு மருந்தை மாற்றியது காரணமே இல்லையாம். படையினர் துப்பாக்கியைத் துடைக்கவில்லை, அவ்வளவுதானாம். துடைக்கும் சாமான் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாம். மருந்தின் மேல் பழி போட்டது அரசியல்வாதிகளின் கூத்தாம்.

அரிசியிலிருந்தே தொடங்கலாம். பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் ஒரே படியால் அளந்து, ஒரே அளவு தண்ணீர் விட்டு, ஒரே நேரம் அடுப்பில் வைத்து இறக்குகிறவர் வீட்டில் நான் சாப்பிடப் போகமாட்டேன். அரிசி பற்றிய விவாதம் இத்தோடு முடிந்தது. மருந்துக்கு வருவோம்.

துப்பாக்கியின் மருந்து வெடிப்பதில்லை, எரிகிறது. ஆனால் மிக வேகமாக எரிகிறது. பிரைமரின் பொறி பட்டதும் மருந்துத் துணுக்குகளின் மேற்பரப்பு பற்றிக்கொள்கிறது, வாயு பெருகுகிறது, குண்டு நகரத் தொடங்குகிறது, நகர நகர வாயுவுக்கு இடம் கூடுகிறது. அழுத்தம் ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்குகிறது. ஏற்றம் எவ்வளவு செங்குத்து, இறக்கம் எவ்வளவு சரிவு என்பதைத் தீர்மானிப்பது துணுக்குகளின் வடிவம், அளவு, மேலே தடவியிருக்கும் எரிதடுப்புப் பூச்சு ஆகியவை. டூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய ஐஎம்ஆர் வகை மருந்து, பிழிந்து வெட்டிய சிறு உருளைகள். 1930களில் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனம் உருவாக்கிய பால் மருந்து, பெயருக்கேற்றபடி சிறு உருண்டைகள். இரண்டுக்கும் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ்தான். ஆனால் எரிகிற விதம் வேறு.

இப்போது கட்டுரையாளர் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்துவிட்ட ஒரு கணக்கு. அழுத்தத்தைச் செங்குத்துக் கோட்டிலும், குழலுக்குள் குண்டு கடந்த தூரத்தைக் கிடைக்கோட்டிலும் வைத்து வளைவு வரையுங்கள். உராய்வு போன்ற சில்லறை இழப்புகளை ஒதுக்கிவிட்டால், குண்டு வெளியேறும்போது அதற்குள்ள ஆற்றல் அந்த வளைவுக்கு அடியில் இருக்கும் பரப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கும். குண்டும் வேகமும் ஒன்று என்றால் பரப்பும் ஒன்று. பால் மருந்தின் பெருமையாக அவரே என்ன எழுதியிருக்கிறார்? அதே வேகத்தைக் குறைந்த உச்ச அழுத்தத்தில் தருகிறது என்று. சரி. பரப்பு அப்படியே இருக்க உச்சி மட்டும் தாழ்ந்தால், அங்கே குறைந்த பரப்பை வேறோர் இடத்தில் ஈடுகட்டியே ஆகவேண்டும். அந்த இடம் உச்சிக்குப் பின்னால் வரும் இறக்கம். அதாவது, குழலின் வாய்ப்பக்கம். தன் வாதத்துக்குத் துணை என்று அவர் அழைத்துவந்த சாட்சியே அவருக்கு எதிராகக் கூண்டில் ஏறி நிற்கிறது. அவருக்குத்தான் அது தெரியவில்லை.

வாய்ப்பக்கத்தில் அழுத்தம் கூடினால் என்ன கெட்டுவிடும்? கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் வேட்டை ரைஃபிளில் பெரும்பாலும் ஒன்றும் கெடாது. அவர் பழகியது அத்தகைய ரைஃபிளில் என்று அவர் கட்டுரையே காட்டிக்கொடுக்கிறது. எம்-16 அப்படிப்பட்டதல்ல. யூஜீன் ஸ்டோனர் வடிவமைத்த அந்த ரைஃபிளில், குழல் நீளத்தில் பாதியைத் தாண்டிய ஓரிடத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. குண்டு அதைக் கடந்ததும் வாயுவில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக ஒரு மெல்லிய குழாய்க்குள் புகுந்து பின்னோக்கி வந்து, போல்ட்டைத் தாங்கும் பாகத்தைத் தள்ளுகிறது. போல்ட் திருகித் திறக்கிறது, காலிக் கூட்டை உருவி எறிகிறது, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. இந்தத் துப்பாக்கியின் மூச்சே அந்தத் துளையில் இருக்கும் அழுத்தம்தான். உச்ச அழுத்தம், தோட்டா உட்காரும் அறையின் சுவர் தாங்குமா என்பதைச் சொல்லும். துப்பாக்கி இயங்குமா என்பதைத் துளையின் அழுத்தம் சொல்லும். கட்டுரையாளரின் மூன்று எண்களில் இந்த நான்காவது எண் இல்லவே இல்லை.

இனி வரலாறு. ஸ்டோனர் தன் ரைஃபிளை ஐஎம்ஆர் மருந்தை வைத்துச் சீர்படுத்தினார். குண்டு 55 கிரெய்ன் எடை. இதையே ராணுவத்துக்குப் பேரளவில் செய்ய முனைந்தபோது, நொடிக்கு 3,250 அடி வேகம் வேண்டும், அறை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 52,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை வகுத்தார்கள். ஐஎம்ஆர் 4475 மருந்தைக் கொண்டு இரண்டையும் ஒருசேரக் காப்பது, லட்சக்கணக்கில் அடைக்கும்போது முடியாது என்று தோட்டா தயாரிப்பாளர்கள் கைவிரித்தார்கள். அப்போது ராணுவத்துக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வேக நிபந்தனையைச் சற்றுத் தளர்த்துவது ஒன்று. மருந்தை மாற்றுவது மற்றொன்று. 1964இல் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். ஆலின் மாத்திசன் நிறுவனத்தின் டபிள்யூசி 846 என்ற பால் மருந்து உள்ளே வந்தது. கூடவே அனுமதி பெற்ற டூபாண்டின் மாற்று மருந்தும் அதிக நாள் தாக்குப்பிடிக்கவில்லை. போர் சூடுபிடித்தபோது வியட்நாமுக்குப் போன தோட்டாக்களில் மிகப் பெரும்பகுதி பால் மருந்து அடைத்தவை.

“ராணுவத்துக்கு வேறு வழியே இல்லை” என்று கட்டுரையாளர் எழுதுவது இங்கேதான். காகிதத்தில் எழுதிய ஒரு வேக எண்ணைத் தொடக் கூடாத வேதவாக்காகவும், இயங்கிக்கொண்டிருந்த ரைஃபிள்-தோட்டா இணையைத் தாராளமாகக் கைவைக்கக் கூடியதாகவும் எடுத்துக்கொண்டால், வேறு வழி இல்லைதான். எண் ராணுவமே வகுத்த எண். வகுத்தவர் திருத்தலாம். ஸ்டோனரைக் கேட்டார்களா? கேட்டார்கள், முடிவெடுத்த பிறகு. பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவர் புதிய விவரக்குறிப்பைக் காட்டிக் கருத்துக் கேட்டதையும், தான் அதை ஏற்க மறுத்ததையும், ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று தெரிந்துகொண்டதையும் ஸ்டோனரே 1967இல் காங்கிரஸ் விசாரணையில் சொன்னார். தாலி கட்டியபின் பொருத்தம் பார்க்கிற கதை.

மருந்து மாறியதும் துப்பாக்கிக்குள் நடந்ததைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். துளையில் அழுத்தம் கூடியது. போல்ட் வேகமெடுத்தது. நிமிடத்துக்கு 850 தோட்டாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருந்த துப்பாக்கி ஆயிரத்தை எட்டத் தொடங்கியது. வேகமாகச் சுட்டால் நல்லதுதானே என்று தோன்றும். தோட்டா எரியும்போது பித்தளைக் கூடு விரிந்து அறைச்சுவரை இறுகப் பற்றுகிறது. அழுத்தம் தணிந்ததும் சுருங்கிப் பிடியை விடுகிறது. பிடி விடும் முன்னரே போல்ட் திறந்து உருவ முயன்றால், கூட்டின் விளிம்பைக் கவ்வியிருக்கும் கொக்கி அந்த விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெறுங்கையோடு பின்வாங்கும். காலிக் கூடு அறைக்குள்ளேயே நிற்கும். திரும்பி முன்னால் வரும் போல்ட், அடுத்த தோட்டாவை அதன் முதுகில் கொண்டுபோய் இடிக்கும். துப்பாக்கி செத்தது. அதற்கு உயிர் கொடுக்க ஒரே வழி, சுத்தம் செய்யும் நீளக் கம்பியைக் குழலின் வாய் வழியே விட்டு அந்தக் கூட்டைக் குத்தித் தள்ளுவது. எதிரி எதிரே இருக்கும்போது, புல்லில் படுத்தபடி. அந்தக் கம்பியும் பலரிடம் இல்லை.

இதோடு கசடு வேறு. பால் மருந்தில், தயாரிப்பில் மிச்சமாகும் அமிலத்தை முறிக்கக் கால்சியம் கார்பனேட் சேர்ப்பார்கள். எரிந்தபின் அது மெல்லிய வாயுக் குழாய்க்குள் போய்ப் படிந்தது. பின்னாளில் ராணுவமே அந்தக் கால்சியம் கார்பனேட்டின் அனுமதி அளவை வெகுவாகக் குறைத்தது. மருந்துக்கும் சிக்கலுக்கும் சம்பந்தமே இல்லையென்றால், மருந்தின் சேர்மானத்தை எதற்குத் திருத்தினார்கள்? கட்டுரையாளருக்கு இது கண்ணில் படவில்லை. அல்லது பட்டும் படாததுபோல் போய்விட்டார்.

இனி அவருடைய பெரிய ஆயுதம்: துடைக்கவில்லை. ஆம், துடைக்கவில்லை. துடைக்கப் போதிய சாமான் கொடுக்கப்படவில்லை. இந்தத் துப்பாக்கிக்குப் பராமரிப்பு அதிகம் தேவையில்லை என்ற பேச்சு பரப்பப்பட்டது. ஈரமும் சேறும் நிறைந்த நாட்டில், அறைக்குக் குரோம் பூச்சு இல்லாமல் துப்பாக்கி அனுப்பப்பட்டது. அதற்கு முந்தைய எம்-14 ரைஃபிளின் குழலுக்கு அந்தப் பூச்சு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். துருப்பிடித்துச் சொரசொரத்த அறைச்சுவர் பித்தளைக் கூட்டை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டது. இவை எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றில் எந்த ஒன்று, சேற்றில் படுத்திருந்த பத்தொன்பது வயதுப் பையனின் குற்றம்? கம்பி கொடுக்காதவன் குற்றமில்லை, பூச்சு வேண்டாமென்றவன் குற்றமில்லை, சரிவரச் சோதிக்காமல் மருந்தை மாற்றியவன் குற்றமில்லை. கம்பி இல்லாமல் நின்றவன்தான் குற்றவாளி என்பது எந்த ஊர் நியாயம்?

1967 வசந்தத்தில் மரைன் படையினர் கையிலிருந்து எம்-14ஐ வாங்கிக்கொண்டு எம்-16ஐக் கொடுத்தார்கள். சில வாரங்களில் கே சான் பக்கத்துக் குன்றுகளில், 881 என்று எண்ணிட்ட குன்று உட்பட, கடும் சண்டை. அங்கிருந்து ஒரு மரைன் வீட்டுக்கு எழுதிய கடிதம் நியூ ஜெர்சிச் செய்தித்தாள் ஒன்றில் வந்தது. மே மாதம் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர் ஜேம்ஸ் ஹோவர்ட் அதை எடுத்து வைத்தார். தன் பிளட்டூனில் 72 பேர் போய் 19 பேர் திரும்பினோம் என்றும், எங்களில் பலரைக் கொன்றது எங்கள் துப்பாக்கியே என்றும், இறந்துகிடந்தவர்கள் அநேகமாக எல்லாருடைய பக்கத்திலும் பிரித்துப்போட்ட துப்பாக்கி கிடந்தது என்றும் அந்த மரைன் எழுதியிருந்தார். சாகும் தறுவாயில் அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை துப்பாக்கியைச் சரிசெய்வது. அவர்களைத்தான் நம் கட்டுரையாளர் சோம்பேறிகள் என்கிறார். ஏசியறையில் உட்கார்ந்துகொண்டு எழுதும் பேனாவுக்குக் கூசவில்லை.

துடைக்கும் சாமான் போனதும் சரியாகிவிட்டது என்ற கதைக்கு வருவோம். இதற்கு அவர் காட்டும் சான்று, வில் ஐஸ்னரின் கைவண்ணத்தில் ராணுவம் வெளியிட்ட படக்கதைக் கையேடு. எம்-16ஐ எப்படித் துடைப்பது, எண்ணெய் இடுவது என்று கற்றுக்கொடுத்த நல்ல கையேடுதான். வந்தது 1968இல். அதற்குள் என்னென்ன நடந்துவிட்டன? போல்ட்டின் வேகத்தை அடக்கப் புதிய பஃபர் 1966 இறுதியிலிருந்து பொருத்தப்பட்டது. 1967இல் அறைக்குக் குரோம் பூச்சு ஆணையிடப்பட்டது. சாமான்கள் போயின. பயிற்சி கூடியது. நான்கு மாற்றங்கள் ஏறக்குறைய ஒன்றாக வந்திருக்கும்போது, மூன்றைக் கையால் மூடிவிட்டு நான்காவதை மட்டும் காட்டுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்குச் சமம். அந்தப் பஃபர் எதற்கு வந்தது என்று அவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். மருந்து துப்பாக்கியை மிதமிஞ்சி வேகமாக ஓட்டியது, அதை அடக்க வந்தது. சீக்கே இல்லையென்கிறவர், சீக்குக்குக் கொடுத்த மருந்துச்சீட்டை எதிரே வைத்துக்கொண்டு பேசுகிறார்.

“பால் மருந்து கெட்டதென்றால் இன்றுவரை அதே அளவுத் தோட்டாவில் ஏன் போடுகிறார்கள்?” என்று வெற்றிப் புன்னகையோடு கேட்கிறார். அவருடைய கட்டுரையில் பதில் சொல்லத் தகுதியுள்ள கேள்வி இது ஒன்றுதான். பதில்: பால் மருந்து கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் .30 கார்பைன் தோட்டாவிலேயே அது திறம்பட வேலைசெய்தது. அங்கே மருந்தும் துப்பாக்கியும் பொருந்தின. பிற்பாடு 5.56 தோட்டாவுக்கு ஏற்றபடி தனியாகப் பிரித்தெடுத்து டபிள்யூசி 844 என்று பெயரிட்டார்கள். 846 என்ற பெயர் 7.62 தோட்டாவுக்கு நின்றது. துப்பாக்கியின் பஃபரும் அறையும் மாறின, மருந்தின் கால்சியம் கார்பனேட் அளவும் மாறியது. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தபின் இணை பொருந்தியது. இன்றும் அமெரிக்கக் கடைகளில் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எச் 335, பிஎல்-சி(2) என்ற பெயர்களில் இவற்றின் உறவுக்கார மருந்துகள் டப்பாவில் கிடைக்கின்றன. கட்டுரையாளரும் அவற்றைப் போட்டுச் சுட்டிருப்பார். 1964இல் நடந்த தவறு, நல்ல மருந்து ஒன்றை அதற்கென்று சீர்படுத்தாத துப்பாக்கியில், போதிய சோதனை இல்லாமல் திணித்தது. இந்த வேறுபாடு புரியாதவர் மருந்துத் தேர்வு பற்றிப் பாடம் எடுப்பதுதான் வேடிக்கை.

1965 நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கில் எம்-16 சிறப்பாகச் செயல்பட்டதைப் படைத்தளபதி ஹால் மூர் பாராட்டினாரே என்கிறார். பாராட்டினார். ஆயிரம் தோட்டாவில் சில சிக்கினாலும் மீதி எல்லாம் சுடும் என்பதை மறுத்தவர் யார்? ஒரு பட்டாலியனின் நல்ல நாள், ஒரு போர் முழுவதற்குமான சராசரியை அழித்துவிடாது. பஸ் நூறு முறை ஊர்போய்ச் சேர்ந்தது என்பது நூற்றொன்றாம் முறை பிரேக் பிடிக்காததற்குப் பதிலாகாது.

இவ்வளவு நேரம் அவர் சொன்னவற்றுக்குப் பதில் சொன்னேன். இனி அவர் சொல்லாமல் விட்ட ஒன்று. அவர் கட்டுரையின் கழுத்தை நெரிப்பது இதுதான். அதனால்தான் விட்டாரோ என்னவோ.

கோல்ட் நிறுவனம் தயாரித்த எம்-16 துப்பாக்கிகள் ராணுவத்தின் ஏற்புச் சோதனையில் தேற வேண்டும். நிமிடத்துக்கு 850 என்ற வேக வரம்பைத் தாண்டக் கூடாது. பால் மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சோதித்தால் துப்பாக்கிகள் வரம்பைத் தாண்டிவிடுகின்றன, ஏற்புக் கிடைக்காது என்று கோல்ட் ராணுவத்திடம் முறையிட்டது. ராணுவம் என்ன செய்திருக்க வேண்டும்? தோட்டாவை நிறுத்தியிருக்க வேண்டும். அல்லது துப்பாக்கியைத் திருத்தும்வரை அனுப்பாமல் இருந்திருக்க வேண்டும். செய்தது வேறு. தொழிற்சாலைச் சோதனைக்கு ஐஎம்ஆர் வகை மருந்து அடைத்த தோட்டாவைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கொடுத்தது. துப்பாக்கி ஒரு மருந்தில் தேர்ச்சி பெற்றது; காட்டுக்குப் போனபோது அதற்கு வேறு மருந்து ஊட்டப்பட்டது. தேர்வெழுதியவன் ஒருவன், வேலைக்குப் போனவன் வேறொருவன்.

மிசூரியைச் சேர்ந்த ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையில் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு 1967இல் இதையெல்லாம் கிளறி எடுத்தது. வியட்நாமுக்கே போய்ப் படையினரிடம் கேட்டது. அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில், போதிய சோதனையின்றி மருந்தைப் பால் வகைக்கு மாற்றியதே சிக்கல்களுக்குப் பெரும் காரணம் என்று சொன்னது. ராணுவம் இதைக் கையாண்ட விதம் குற்றச் செயலுக்கு ஒப்பான அலட்சியத்தை நெருங்குகிறது என்றும் சாடியது. “அரசியல்வாதிகளின் கூத்து” என்று ஒரு வரியில் கட்டுரையாளர் தள்ளிவிடுவது இந்த அறிக்கையைத்தான். அறிக்கையின் எந்த முடிவு தவறு, எந்தச் சான்று பொய் என்று ஒரு வார்த்தை கிடையாது. திட்டுவது பதிலாகிவிடாது. மருந்தால் எந்த வித்தியாசமும் இல்லையென்றால் தொழிற்சாலையில் ஏன் வேறு மருந்தைப் போட்டுச் சோதித்தார்கள் என்ற கேள்விக்கு அவர் கட்டுரையில் எங்கும் இடமில்லை. ‘துப்பாக்கிக்குத் தெரியாது’ என்கிறார். கோல்ட் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. ராணுவத்துக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் இருவர்: தோட்டாவைச் சுட்ட பையன், நம் கட்டுரையாளர். பையனுக்கு யாரும் சொல்லவில்லை. இவருக்கு என்ன சாக்கு?

இனி வீட்டு மேசைக்கு வருவோம், ஏனென்றால் இவர் எழுத்தை நம்பி நாளைக்குத் தராசைத் தூக்கப்போகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். துளை அழுத்தம் பற்றிய பாடத்தைக் கற்க வியட்நாம்வரை போகவே தேவையில்லை. 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்-1 கேரண்ட் ரைஃபிளை வைத்திருக்கும் எந்த அனுபவசாலியும் சொல்வார்: அதற்கு ஐஎம்ஆர் 3031க்கும் 4320க்கும் இடைப்பட்ட எரிவேகம் கொண்ட மருந்துதான் போடவேண்டும். பலரும் விரும்பி எடுப்பது 4895. அதைவிட மெதுவாக எரியும் மருந்தைப் போட்டால், அறை அழுத்தம் எவ்வளவுதான் வரம்புக்குள் இருந்தாலும், குழல்வாய்க்கு அருகில் இருக்கும் துளையில் அழுத்தம் மிகுந்து, போல்ட்டை இயக்கும் நீளத் தண்டு வளைந்துவிடும். மிகக் கனமான குண்டையும் இதே காரணத்துக்காகத் தவிர்ப்பார்கள். எடை, வேகம், உச்ச அழுத்தம் என்ற அவருடைய மூன்று எண்ணும் சரியாக இருக்கும். தண்டு மட்டும் வளைந்திருக்கும்.

எரிவேகப் பட்டியலில் பக்கத்தில் இருப்பதைப் போடலாம் என்கிற வாக்கியம் இதைவிடக் கொடியது. அந்தப் பட்டியல் மருந்துகளை வரிசைப்படுத்துகிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எவ்வளவு என்று சொல்வதில்லை. தோட்டாவும் குண்டும் மாறினால் வரிசையே முன்பின்னாகும். பெயர் ஒன்றாக இருந்தாலே நம்பக் கூடாது என்பதற்கு எச் 4831, ஐஎம்ஆர் 4831 இரண்டும் போதும். எண் ஒன்று, மருந்து வேறு. ஐஎம்ஆரின் 4831 வேகமாக எரிவது. ஹாட்ஜ்டனின் 4831க்கு எழுதிய உச்ச அளவை ஐஎம்ஆரின் 4831இல் நிறுத்துப் போட்டால் அழுத்தம் வரம்பைத் தாண்டும். ஒரே எண்ணுள்ள இரண்டு டப்பாக்களுக்கே இந்தக் கதி. பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரரை எப்படி நம்புவது?

குண்டுக்கும் இதே நியாயம்தான். எடை ஒன்றென்றால் குண்டும் ஒன்று என்று அவர் எழுதியிருக்கிறார். ஈயத்தை உள்ளே வைத்துச் செம்பால் மூடிய குண்டும், முழுக்கச் செம்பால் செய்த குண்டும் ஒரே எடையில் கிடைக்கும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது; அதனால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளம் கூடியது. நீளக் குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கி மருந்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குழலின் முறுக்கைப் பற்றிக்கொள்ளும் விதமும் வேறாகும். ஒன்றுக்கு எழுதிய அளவை மற்றதற்கு அப்படியே போட்டால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று தராசு சொல்லாது. நீளக் குண்டு நிலையாகச் சுழல வேகமான முறுக்கும் வேண்டும். எம்-16க்கே முதலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருந்த முறுக்கை, அடர்ந்த குளிர்காற்றில் குண்டு தள்ளாடுகிறதென்று 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக மாற்றினார்கள். எடையை மட்டும் பார்த்துக் குண்டு வாங்குகிறவருக்கு இவை எதுவும் வேண்டியதில்லை போலும்.

தோட்டா அடைக்கும் பழக்கத்தில் ஊறியவர்களின் ஒழுங்கு ஒன்று உண்டு. குண்டு, மருந்து, கூடு, பிரைமர் நான்கும் பெயரோடு அச்சிட்ட அளவைத்தான் எடுப்பார்கள். உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறுவார்கள். ஒவ்வோர் ஏற்றத்திலும் கூட்டின் விளிம்பையும் பிரைமரின் முகத்தையும் உற்றுப் பார்ப்பார்கள். நான்கில் ஒன்று மாறினாலும் அடியிலிருந்து தொடங்குவார்கள். தானியங்கித் துப்பாக்கியென்றால் அந்தத் துப்பாக்கிக்கென்றே தனியாக எழுதிய அளவைத் தேடுவார்கள். இது கோழைத்தனம் என்று கட்டுரையாளர் நினைக்கலாம். 1964இல் விவரக்குறிப்பை மாற்றியவர்களும் இதைத் தேவையற்ற தாமதம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர்களுடைய மேசையில் இருந்ததும் இவர் மேசையில் இருக்கும் அதே மூன்று எண்கள்தான். அவர்களாவது அவசரத்தில் இருந்தார்கள்; பின்னால் என்ன ஆயிற்று என்று அப்போது தெரியாது. இவர் எல்லாம் தெரிந்த பிறகு, அச்சிட்ட அறிக்கை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதே பிழையை அறிவுரையாக எழுதுகிறார்.

வியட்நாம் பற்றி அவர் எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளட்டும்; அந்தக் கணக்கு எப்போதோ தீர்க்கப்பட்டுவிட்டது, இவர் நம்பாததால் மாறப்போவதில்லை. ஆனால் பட்டியலில் பக்கத்தில் இருக்கும் மருந்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை, அடுத்த இதழிலேயே, தன் பெயரோடு, காரணமும் சொல்லித் திரும்பப் பெறவேண்டும். விளக்கமோ உவமையோ வேண்டாம். அதைப் படித்து யாராவது தோட்டா அடைப்பதற்குள் செய்தால் போதும்.